கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி சொல்லாமல் விட்டது சரிதானா?

கொள்ளிடக்கரை:
பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் படித்து முடித்தவர்களிடம் கேட்கிறேன். கடம்பூர் மாளிகையில் பெரிய பழுவேட்டரையரின் மனைவி நந்தினியின் அறை, விளக்கு அணைகிறது, இருட்டில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்கிறான். யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருந்த வந்தியத்தேவன் மேல் பழி விழுகிறது, அவனைக் காப்பாற்ற மணிமேகலை நான்தான் கொன்றேன் என்கிறாள், கடைசியில் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். உண்மையில் யார் என்பது மட்டும் வரவே இல்லை. மூன்றாம் பாகத்துக்குக் 'கொலை வாள்' என்று பெயர் வைத்துவிட்டு, வாள் பிடித்த கையைக் காட்டாமல் போனால் இத்தனை பக்கம் படித்தவனுக்கு என்ன மரியாதை? கரிகாலனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி முன்பே எழுதியிருந்தார். அதைத் தொடவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் கல்கி நழுவிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

வீரநாராயணத்து வாசகி:
நழுவல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கையில் இருந்த ஆதாரமே அவ்வளவுதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, கரிகாலனின் தம்பி ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயரெல்லாம் அதில் இருக்கிறது, அவர்கள் சொத்தும் உறவுக்காரர்கள் சொத்தும் பறிமுதல் ஆன செய்தியும் இருக்கிறது. ஏன் கொன்றார்கள், யார் சொல்லிக் கொன்றார்கள் என்று அந்தக் கல் வாய் திறப்பதில்லை. கல் சொல்லாததை நாவல் அடித்துச் சொன்னால் ஒரு நிஜ மனிதர் மேல் கொலைப்பழி ஏறிவிடும். கல்கி அதைச் செய்யவில்லை, அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கொள்ளிடக்கரை:
அப்படியானால் இன்னும் மோசம். பெயர்கள் கல்லிலேயே இருக்கின்றன, ரவிதாசன் கதையிலும் முதலிலிருந்து திரிகிறான். அவன் கையில் வாளைக் கொடுத்து முடித்திருக்க வேண்டியதுதானே? அப்புறம் தேதியைப் பாருங்கள். கொலை நடந்தது 970ஐ ஒட்டி. உத்தமன் ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆள்கிறான், பறிமுதல் செய்தி ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வந்த பிறகுதான் கிடைக்கிறது. நடுவில் குற்றவாளிகளை யார் தொடாமல் வைத்திருந்தார்கள் என்ற கேள்வியை ஒரு நாவலாசிரியர் விட்டிருக்கக் கூடாது.

பழையாறைக்காரன்:
தேதி வாதம் அவ்வளவு பலமானது இல்லை. வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்திருக்கிறார். அந்தக் கல்வெட்டு தீர்ப்பு ஓலை கிடையாது, பறிமுதலான நிலம் கைமாறிய கணக்கு. நிலம் விற்ற ஆண்டை வைத்து விசாரணை நடந்த ஆண்டை எப்படி முடிவு செய்வது? தவிர, தன் அண்ணனைக் கொன்றவனின் தாய் என்றால் செம்பியன் மாதேவியை ராஜராஜன் அத்தனை மரியாதையோடு வைத்திருப்பானா?

ஆனால் கொலையாளியைச் சொல்லவில்லை என்பதை விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதை யாருமே பேசுவதில்லை. சேந்தன் அமுதன்! திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்கிறது? மக்கள் அருள்மொழியை, அதாவது ராஜராஜனை, அரசனாகக் கேட்டார்கள், சிற்றப்பன் உத்தமனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் விலகினான். அந்த 'ஆசை'தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. கல்கி அரியணைக்கு ஏங்கிய மதுராந்தகனை ஆள்மாறாட்டம் என்று ஒதுக்கிவிட்டு, பூக்குடலையோடு தேவாரம் பாடித் திரியும் பிள்ளையைக் கண்டராதித்தரின் உண்மை மகன், அவன்தான் உத்தமன் என்று கொண்டுவருகிறார். ஆசையே இல்லாதவனுக்கு மகுடத்தைக் கொடுப்பதில் என்ன தியாகச் சிகரம்? பேராசைக்காரனுக்குத் தெரிந்தே விட்டுக்கொடுத்தால் அல்லவா அது வலிக்கும்!

வீரநாராயணத்து வாசகி:
நான் இதை நேர்மாறாகப் படிக்கிறேன். முடிசூட்டும் நேரத்தில், எல்லோரும் அருள்மொழிக்குத்தான் என்று நிற்கும்போது, அவன் மகுடத்தை எடுத்து அமுதன் தலையில் வைக்கிறான். அமுதன் கேட்கவில்லை, யாரும் நெருக்கவில்லை. பேராசைக்காரன் கேட்டுக் கொடுத்திருந்தால் உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து விட்டான் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். அப்புறம் அந்தச் செப்பேடு ராஜேந்திரன் காலத்தது, அப்பாவைப் புகழ எழுதியது. அதில் இருக்கும் பெருந்தன்மை அப்படியே நடந்ததா என்பதும் கேள்விதான்.

கொலைக்கு வருகிறேன். கடம்பூருக்கு வரும்போதே கரிகாலன் பாதி செத்தவன். நந்தினி காலில் விழுந்து கெஞ்சியும் கேட்காமல் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை வெட்டினானே, அந்த நினைவு அவனை அரித்துத் தின்கிறது. அந்த இருட்டில் குத்தியது ரவிதாசனா, வேறு யாராவதா, அவனே குத்திக்கொண்டானா என்று தெளிவாக எழுதியிருந்தால் அது ஒரு துப்பறியும் கதையாக முடிந்து, நாம் கொலைகாரனைப் பற்றிப் பேசியிருப்போம், கரிகாலனைப் பற்றிப் பேசியிருக்க மாட்டோம்.

கொள்ளிடக்கரை:
கரிகாலன் மனம் அரித்துப்போனவன் என்பதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை, நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவன்தான். அதனால்தான் கேட்கிறேன். 1950இலிருந்து 1954வரை வாராவாரம் காத்திருந்தவர்களுக்கு அவன் எப்படிச் செத்தான் என்று தெரிய உரிமை இல்லையா? ஊகமாகவே இருக்கட்டும், நந்தினியையே இட்டுக்கட்டியவருக்கு ஒரு கத்திக்குத்தை இட்டுக்கட்டுவது என்ன கஷ்டம்?

பழையாறைக்காரன்:
நந்தினி கற்பனை, அவள் மேல் எதையும் ஏற்றலாம். உத்தமன் நிஜம். அந்த வேறுபாட்டில் நான் வாசகி பக்கம். சேந்தன் அமுதன் விஷயத்தில் மட்டும் என்னை அசைக்க முடியாது, செப்பேட்டின் அந்த ஒரு வரியை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள், தொடர்ந்து பேசலாம்.