ஏஇ அக்வாரியின் 33 விநாடித் துடிப்பு கார்பார்க் மாடியிலிருந்து தெரியுமா?

ஈசூன்_வாசி:
சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி புளோக் பக்கத்துப் பல மாடி கார்பார்க்கின் உச்சித் தளத்தில் 8 அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் வைத்துப் பார்ப்பேன். ஒன்றையொன்று சுற்றும் விண்மீன் இணையான ஏஇ அக்வாரி செப்டம்பரில் இரவு 10 மணி வாக்கில் நமக்குக் கிட்டத்தட்ட நேர் உச்சியில் வருகிறது, பிரகாசம் 11 சொச்சம், அதனால் விளக்கு வெளிச்சத்தையும் மீறிக் கிடைத்துவிடுகிறது. அதிலுள்ள வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம்) 33.08 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறதாம். அந்தத் துடிப்பு என் படங்களில் வருமா? எதற்கெடுத்தாலும் ஹபிள், புற ஊதா என்றே சொல்கிறார்களே, ஏன்?

மாறுமீன்_பிரியன்:
நேரடியாகச் சொன்னால், வராது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்தத் துடிப்பு பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. துணை விண்மீனின் வெளிச்சம் ஒரு பக்கம், குள்ளனின் காந்தப்புலம் சுழற்றி வெளியே வீசியடிக்கும் வாயு திடீர் திடீரென்று மினுங்குவது இன்னொரு பக்கம், இதற்கு நடுவே போதாக்குறைக்கு நம்ம ஊர் மேகம் வேறு. குள்ளனின் சூடான காந்த முனைகள் அதிகமாக ஒளிர்வதே புற ஊதாவில்தான். அங்கே போனால் துணை விண்மீன் ஏறக்குறைய காணாமல் போய்விடும், துடிப்பு பல மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த ஒளியை நம் காற்று மண்டலம் விழுங்கிவிடுகிறது, அதனால்தான் ஹபிள் மாதிரி விண்வெளித் தொலைநோக்கி.

கவிதா_தெம்பனிஸ்:
அண்ணன் சொன்னது காந்தப்புலம் வலுவாக உள்ளவற்றுக்குச் சரி. துடிப்பே இல்லாதவற்றை என்ன செய்வது? அதற்கும் புற ஊதாதான். குள்ளன் வேகமாகச் சுற்றினால் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் ஓடுவதால் (டாப்ளர் விளைவு) அதன் நிறமாலைக் கோடுகள் அகன்றுவிடும், அந்த அகலத்தை வைத்து வேகம் கணக்கிடுவார்கள். எனக்கு இதில் பிடித்த வில்லங்கம் யு ஜெமினோரம் என்ற இன்னொரு இணை. தன்னைச் சுற்றியுள்ள வாயு வட்டிலிருந்து பொருளை விழுங்கிக்கொண்டே இருக்கிற குள்ளன் நியாயமாகப் பம்பரமாய்ச் சுழல வேண்டும், ஆனால் ஹபிள் பார்த்தபோது விநாடிக்குச் சுமார் 100 கிமீ, இல்லை அதற்கும் கீழே. பூமியளவு உருண்டை 33 விநாடியில் சுற்றினால் மேற்பரப்பு 1,000 கிமீக்கு மேல் ஓடும், ஒப்பிட்டுப் பாருங்கள்! குள்ளன் மேல் சேர்ந்த வாயு வெடித்துச் சிதறும் நோவா வெடிப்புகளில் சுழற்சியும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது என்று ஒரு கருத்து உண்டு. எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை.

ஈசூன்_வாசி:
அப்போ கேமராவை மூடிவைத்துவிட வேண்டியதுதானா, வேறு வழி ஏதாவது உண்டா?

மாறுமீன்_பிரியன்:
மினுங்கலைத் தாராளமாகப் பதிவு செய்யலாம், பார்க்க அதுவும் நன்றாகத்தான் இருக்கும். துடிப்புதான் வேண்டுமென்றால் ஹபிளின் பழைய தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வி1460 ஹெர்குலிஸ் என்ற இன்னொரு இணையில் 38.9 விநாடிச் சுழற்சி தெரிந்ததும் ஹபிளின் புற ஊதாத் தரவில்தான். ஹபிளில் உள்ள காஸ் (COS) நிறமாலைக் கருவியால் ஒவ்வொரு ஒளித்துகளும் வந்த நேரத்தையே குறித்துவைக்க முடியும், அதை அந்தக் கால அளவில் மடித்துப் போட்டாலே, அதாவது ஒவ்வொரு சுற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலே போதும். ஏஇ அக்வாரியை மடிக்கும்போது மட்டும் கவனம்: குள்ளன் 9.88 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுப்பாதையில் முன்னும் பின்னும் போவதால் துடிப்பு 2 விநாடி வரை முந்தியும் பிந்தியும் வரும், அதைத் திருத்தாவிட்டால் எல்லாம் கலங்கிவிடும்.