ஃபைனா ரனேவ்ஸ்கயா: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிறு இரவு

தம்பி (8.41): [படம்] சோவியத் நகைச்சுவை நடிகை ஒருவர் சொன்னதாம். எவ்வளவு உண்மை, பாருங்கள்!

அத்தை (8.52): முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஃபைனா ரனேவ்ஸ்கயா. அவர் பெயரில் சுற்றும் வாசகங்களில் நிறைய, மற்றவர்கள் எழுதி ஒட்டியவை தம்பி. அதுகூடப் பரவாயில்லை. வெறும் நகைச்சுவை நடிகை என்று போட்டிருக்கிறார்களே, அதுதான் மனசு ஆறவில்லை.

பெரியப்பா (8.55): யாரம்மா இவர்? நம் அம்மாவின் சாடை தெரிகிறதே.

அத்தை (9.03): எனக்கும் அப்படித்தான் தோன்றும் அண்ணா. அசோவ் கடலோரம் தாகன்ரோக் என்ற ஊரில் 1896-இல் பிறந்தவர். நாடகாசிரியர் செக்கோவ் பிறந்ததும் அதே ஊர். வசதியான யூதக் குடும்பம், அப்பாவுக்குப் பெயின்ட் தொழிற்சாலை. சொந்தக் குடும்பப் பெயர் ஃபெல்ட்மன். நடிகையாகப் போகிறேன் என்று மாஸ்கோவுக்கு வந்தவரை நாடகப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. பேச்சில் திக்கல் வேறு. 1917-இல் குடும்பமே நாட்டை விட்டுப் போனபோது இவர் மட்டும் போகவில்லை. நாடகத்தை விட்டுப் போக முடியவில்லை.

அக்கா (9.05): ரனேவ்ஸ்கயா செக்கோவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் வருகிற, பணத்தைக் கையில் நிறுத்தத் தெரியாத சீமாட்டியின் பெயர் இல்லையா?

அத்தை (9.08): அதுவேதான். அம்மா அனுப்பிய பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாராம். காற்றில் நோட்டெல்லாம் பறந்தது. இவர் துரத்தாமல், பறக்கிற அழகைப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டு நின்றாராம். கூட வந்தவர், நீ அசல் ரனேவ்ஸ்கயாதான் என்று சொல்ல, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவரே சொன்ன கதை.

சித்தி (9.10): அந்தக் காலத்தில் சின்ன வயசுப் பெண் தனியாக எப்படிப் பிழைத்தாள் அண்ணி?

அத்தை (9.17): பாவ்லா வூல்ஃப் என்ற நடிகை தன் குடும்பத்தில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார். குரு, தாய், தோழி எல்லாம் அவர்தான். 1961-இல் வூல்ஃப் இறக்கும் வரை அந்த உறவு விடவில்லை. உள்நாட்டுப் போர் சமயத்தில் கிரிமியாவில் கொடிய பஞ்சம். கவிஞர் வோலோஷின் இவர்கள் வீட்டுக்கு ரொட்டியும் பொடி மீனும் கொண்டுவருவாராம். வேறு எண்ணெய் கிடையாது. விளக்கெண்ணெயில்தான் வறுத்தார்கள். பசியில் மயக்கம் வந்தும், அந்த நாற்றம் தாங்காமல் பக்கத்து முற்றத்துக்கு ஓடியதாக எழுதியிருக்கிறார்.

சித்தி (9.18): ஐயோ. விளக்கெண்ணெயில் மீனா.

தம்பி (9.20): அப்புறம் சினிமா?

அத்தை (9.29): முதல் படமே 38 வயதில்தான். மிகயீல் ரோம் இயக்கிய 'பிஷ்கா', 1934. ஊமைப் படம். 1939-இல் 'பத்கீதிஷ்' என்று ஒரு குழந்தைகள் படம். அதில் புருஷனை விரட்டுகிற மனைவி வேஷம். "மூல்யா, எனக்கு எரிச்சல் மூட்டாதே!" என்று ஒரு வசனம். அந்த ஒற்றை வரி சாகும்வரை அவரை விடவில்லை. தெருவில் பிள்ளைகள் அதைக் கத்திக்கொண்டே பின்னால் வருவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தாஷ்கண்டில் கவிஞர் அக்மதோவாவோடு நடந்து போகும்போதும் அதே கூச்சல். அந்த வரியை அவர் அடியோடு வெறுத்தார்.

பெரியப்பா (9.32): பாவம். ஒரு வேஷம் பிடித்துவிட்டால் அதிலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள்.

அத்தை (9.41): அதைவிட மோசம் ஒன்று உண்டு அண்ணா. இயக்குநர் ஐசன்ஸ்டைன் 'இவான் தி டெரிபிள்' படத்தில் எஃப்ரோசினியா பாத்திரத்துக்கு இவரைத்தான் கேட்டார். திரைப்படத் துறைத் தலைவராக இருந்த பல்ஷகோவ் மறுத்துவிட்டார். யூத முகச்சாயல் முகத்தை அருகில் காட்டும் காட்சிகளில் தெரிகிறது என்று 1942-இல் கடிதமே எழுதியிருக்கிறார். அந்த வேஷம் செராஃபிமா பீர்மனுக்குப் போனது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதற்குச் சற்று முன்புதான் ரோம் இயக்கிய 'மெச்தா' படத்தில் விடுதி நடத்தும் ரோசா ஸ்கரஹோத் என்ற தாயாக நடித்திருந்தார். எல்லோரிடமும் கறாராகக் காசு பார்க்கிறவள், மகன் முன்னால் மட்டும் கரைந்துபோவாள். அதைப் பார்த்தவர் யாரும் இவரை நகைச்சுவை நடிகை என்று நிறுத்திவிட மாட்டார்கள்.

அக்கா (9.44): பட்டம், பரிசு எதுவும் தரவில்லையா?

அத்தை (9.46): தந்தார்கள். மூன்று ஸ்டாலின் பரிசு, 1961-இல் சோவியத் ஒன்றிய மக்கள் கலைஞர் பட்டம். நல்ல வேஷம்தான் தரவில்லை.

சித்தி (9.48): கல்யாணம், குழந்தை?

அத்தை (9.54): இல்லை. இசபெல்லா என்று ஒரு அக்கா உண்டு. 1960-இல் வெளிநாட்டிலிருந்து இவரிடமே திரும்பி வந்தார். நாலே வருஷம், 1964-இல் இறந்துவிட்டார். கடைசிக் காலத்தில் 'மால்ச்சிக்' என்ற தெருநாய் ஒன்றை எடுத்து வளர்த்தார். அந்தப் பெயருக்குப் பையன் என்று அர்த்தம்.

பெரியப்பா (9.57): நீ இவ்வளவு ஈடுபாட்டோடு சொல்கிறாயே, எதில் பார்த்தாய்?

அத்தை (10.12): 'இனி மௌனம்' என்று பொருள் வரும் ஒரு நாடகம் அண்ணா. மாஸ்கோவின் மோஸ்ஸவேத் நாடக அரங்கில் எஃப்ரோஸ் இயக்கி 1969-இல் மேடையேறியது. தொலைக்காட்சிக்காக 1978-இல் பதிவு செய்திருக்கிறார்கள், அதைத்தான் பார்த்தேன். அமெரிக்காவில் நடக்கிற கதை. வயதான தம்பதிக்குக் கடனில் வீடு போய்விடுகிறது. ஐந்து பிள்ளைகள். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. அப்பா ஒரு வீட்டில், அம்மா இன்னொரு வீட்டில். ரஸ்திஸ்லாவ் ப்ளியாத் கணவர், இவர் மனைவி. மேடை ஏறும்போது இவருக்கு 73 வயது. பெரிதாக அழவே மாட்டார். மருமகளுக்குத் தொந்தரவாகிவிடக்கூடாது என்று ஒடுங்கி ஒடுங்கி நடப்பார். எனக்கு அம்மா ஞாபகம் வந்து, நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்.

பெரியப்பா (10.19): அம்மாவும் அப்படித்தான் நடப்பாள்.

சித்தி (10.20): கடைசியில் சேர்ந்துவிடுவார்களா அண்ணி?

அத்தை (10.24): இல்லை. அவர் தூரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். இவள் முதியோர் இல்லத்துக்கு. ஆனால் அது அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்று மகனிடம் கேட்டுக்கொள்கிறாள்.

தம்பி (10.26): அத்தை, அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். நாடகத்தின் இணைப்பை அனுப்புங்கள்.

பெரியப்பா (10.31): எனக்கும் அனுப்பம்மா. எழுத்து சின்னதாக இருந்தால் பையனைப் பெரிய டிவியில் போடச் சொல்கிறேன்.