மனைவியை இழந்தபின் ஜெபிக்க முடியவில்லை: இது அவிசுவாசமா?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்):

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். பதினான்கு மாதங்கள் புற்றுநோயோடு போராடிய என் மனைவி கடந்த ஆகஸ்ட் மாதம் நித்திரையடைந்தாள். சிகிச்சை நடந்த நாட்களில் எங்கள் சபையார் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசித்து ஜெபித்தார்கள்; நானும் முழுமனதோடு நம்பினேன். அடக்கம் முடிந்த மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், நாங்கள் இருவரும் இன்னும் உறுதியாக விசுவாசித்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இரவுக் குடும்ப ஜெபம் தவறியதில்லை. இப்போதும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சங்கீதம் வாசிக்கிறாள். நான் ஜெபிக்க வேண்டிய நேரத்தில் வாய் திறப்பதில்லை. ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறப்படுவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறேன். நான் விசுவாசத்தை விட்டு விழுந்துகொண்டிருக்கிறேனா? இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தவர்கள் தேவனுடைய ஆறுதலை எப்படிக் கண்டீர்கள்?

மறுமொழி (ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்):

அன்புச் சகோதரரே, முதலில் அந்த ஒருவர் சொன்னதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அப்போஸ்தலனாகிய பவுல், தம் மாம்சத்தில் ஒரு முள் என்று தாம் குறிப்பிட்ட வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; அது நீங்கவில்லை. தம் உடன் ஊழியனாகிய துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதற்கு யாருடைய விசுவாசக் குறைவையும் அவர் காரணம் காட்டவில்லை. நம் மாவட்டத்திலேயே டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து காயமுற்ற பின், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். எத்தனையோ பிள்ளைகள் அவருடைய சுகத்துக்காக ஜெபித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் விசுவாசத்தில் குறை இருந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

பெத்தானியாவில் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து இயேசுவிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." நான்கு நாட்களாக அந்த வீட்டில் அந்த வாக்கியமே திரும்பத் திரும்பப் பேசப்பட்டிருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. அது ஒரு முறையீடு, ஏறத்தாழ ஒரு குற்றச்சாட்டு. அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் ஒருமுறை வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் இறுதியில் துதியின் பக்கம் திரும்பிவிடும். இதுவோ கடைசி வசனம்வரை விடியாமலேயே முடிகிறது. ஆயினும் இருள் முழுவதையும் அந்த மனிதன் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைத்து, அவரிடமே சொல்லுகிறான். இதை வேதத்திலிருந்து யாரும் நீக்காமல், ஆலயத்தில் பாடும்படி வைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. நீங்கள் கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருப்பதும் அவருக்கு முன்பாகத்தானே?

மறுமொழி (குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து ஒரு சகோதரி):

சகோதரரே, நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது என் கணவர் விசைப்படகில் ஆழ்கடலில் இருந்தார். திரும்பி வரவில்லை; உடலும் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வந்தது. எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்த ஆண்டு நட்சத்திரம் கட்டவில்லை.

உங்களைப் போலவே என்னாலும் செபிக்க முடியவில்லை. எங்கள் அன்பியத்துப் (பங்கில் அக்கம்பக்கத்து வீட்டாரைச் சேர்த்த சிறு செபக்குழு) பெண்கள் மாலைதோறும் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செபமாலை சொன்னார்கள். நான் உள்ளே சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், ஒரு மணியையும் உருட்டமாட்டேன். போகும்போது ஒருத்தி கஞ்சியும் துவையலும் வைத்துவிட்டு, நான் உண்ணும்வரை காத்திருப்பாள். முடக்குவாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கியபோது, ஆண்டவர் அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டதாகத்தான் நற்செய்தி சொல்கிறது. படுத்திருந்தவனின் நம்பிக்கையைப் பற்றித் தனியே ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் என்னையும் மற்றவர்கள்தாம் சுமந்தார்கள். கடவுளின் ஆறுதல் எனக்கு வானத்திலிருந்து ஒரு குரலாக வரவில்லை. அந்தக் கஞ்சியோடுதான் வந்தது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்ற எனக்கு ஒரு கல்லறை இல்லை. கடற்கரை மணலில் ஏற்றுகிறேன். காற்றில் அணைந்தால் மறுபடியும் ஏற்றுகிறேன். உயிர்ப்பு நாளில் கடலும் தன்னிடமுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்று திருவெளிப்பாட்டில் எழுதியிருப்பதை நான் அப்படியே நம்புகிறேன். உங்கள் மகளிடம் உங்கள் நிலைமையைச் சொன்னீர்களா? அவளும் தாயை இழந்தவள் அல்லவா?

மறுமொழி (மனநலத் துறையில் பணிபுரிபவர்):

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். "போதும் கர்த்தாவே" என்று சாகும்படி கேட்டுக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை; சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் உண்ணச் செய்தான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்குப் பின்புதான். ஆகவே தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் தோன்றினாலோ, தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மருந்து உட்கொள்வது அவிசுவாசம் அன்று.

கேள்வி கேட்டவரின் பதில்:

அனைவருக்கும் நன்றி. சகோதரியே, நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. நேற்றிரவு, எனக்கு ஜெபம் வரவில்லை என்று மகளிடம் சொன்னேன். தனக்கும் அப்படித்தான் என்றும், நான் வருத்தப்படுவேன் என்று எண்ணியே இத்தனை நாளும் வாசித்து வந்ததாகவும் சொன்னாள். வெகுநேரம் இருவரும் அழுதோம். பிறகு எண்பத்தெட்டாம் சங்கீதத்தை ஒரு வசனம் அவளும் ஒரு வசனம் நானுமாக வாசித்தோம். ஆகஸ்ட் மாதத்துக்குப் பின் குடும்ப ஜெபத்தில் என் குரல் கேட்டது நேற்றுத்தான்.