இரண்டாம் ஆண்டிலேயே என்பிஏ டிராஃப்ட்டா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கூடைப்பந்து ஆடும் பையன், படிப்பை விட்டுவிட்டு டிராஃப்ட்டுக்கு (தொழில்முறை லீக்கான என்பிஏயின் அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) பெயர் கொடுக்கலாமா?

பதில் 1: பெயர் கொடுத்த உடனே கல்லூரி கைவிட்டுப் போகாது. என்பிஏ ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேளுங்கள். ஏஜென்ட் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) சான்று பெற்றவராக இருக்கணும். திரும்புவதென்றால் என்சிஏஏ கெடுவுக்குள் பெயரை வாபஸ் வாங்கி, ஏஜென்ட் ஒப்பந்தத்தையும் முறிக்கணும். கோட்டை விடுவது இங்கேதான்: என்பிஏ கெடு அதற்கும் பிந்தியது. அதை நம்பினால் கல்லூரிக் கதவு சாத்திவிடும்.

பதில் 2: முதல் சுற்று 30 பேருக்கு 2 ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. டூ-வே ஒப்பந்தம் (இரண்டு லீக்கிலும் ஆடுவது) என்றால் ஒரு சீசனில் அதிகபட்சம் 50 என்பிஏ ஆட்டம், மீதி என்பிஏயின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்.

பதில் 3: 2021இலிருந்து மாணவர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். இரண்டாம் சுற்றுதான் என்றால் இன்னொரு வருஷம் இருப்பதே லாபம்.