அரைத் தானியங்கியா, தானேற்றியா?

பயிற்சியாளர், தெற்கு டெல்லி:

வணக்கம். துக்ளகாபாத் கர்ணி சிங் சுடுதளத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக ஒரு பக்கப் பாதுகாப்புக் குறிப்பு எழுதுகிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் குறிப்பு இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் அவை பிள்ளைகள் காதில் ஏறுவதில்லை.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலை ‘அரைத் தானியங்கி’ என்று எழுதினேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, “பாதியை அதுவே செய்யும்னா மீதிப் பாதி எது மிஸ்?” என்றாள். நியாயமான கேள்வி. மறுநாள் அவள் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலுக்குள் செருகும் கூட்டில், ஐந்து தோட்டா நிரப்பி, முதல் குண்டைச் சுட்டதும் ‘நிறுத்து’ என்று கட்டளை வந்தது. மேகசினைக் கழற்றினாள். “காலி மிஸ்” என்று மேசையில் வைக்கப் போனாள். குழல் இலக்கைப் பார்த்திருந்தது, விரல் விசையைத் தொடவில்லை. அதெல்லாம் சரிதான். நான் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, இழுத்தேன். ஒரு தோட்டா துள்ளி விழுந்து மேசை ஓரம் வரை உருண்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

முதல் குண்டு வெடித்த வேகத்திலேயே ஸ்லைடு பின்னால் போய், வெற்றுக்கூட்டை எறிந்துவிட்டு, திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் தள்ளிவிடுகிறது. அவளுக்கு ‘அரை’ என்ற சொல் இதைச் சொல்லவில்லை. சொல்கிற பெயர் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரோல் பாக்:

அம்மா, பிஸ்டல் இருக்கட்டும், முதலில் ‘துப்பாக்கி’யைப் பார்ப்போம். மழையைப் பற்றிய குறளில் வரும் ‘துப்பாக்கி’யைக் காட்டி இது தமிழ்ச்சொல் என்பாருண்டு. அங்கே துப்பு என்பது உணவு. உணவை ஆக்கி என்று பொருள். நம் துப்பாக்கி துருக்கியின் ‘துஃபெக்’ வழியாக வந்தது. தனித்தமிழார் ‘துமுக்கி’ என்பார்கள், நான் அதையே எழுதுகிறேன். மேகசினும் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல, அரபியில் கிடங்கைக் குறிக்கும் ‘மக்ஸன்’. நமக்குத் ‘தூணி’ இருக்கிறது. அம்பு வைக்கும் கூடு அது. நான்கு மரக்கால் கொள்ளும் அளவுக்கும் தூணி என்றே பெயர். ஆக, இத்தனைதான் கொள்ளும் என்ற கருத்தும் அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

முன்னாள் ஹவில்தார், ஆர்.கே.புரம்:

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் ‘தூணியை அகற்று’ என்று கத்தினால் அந்தப் பெண் எதை அகற்றுவாள்? பட்டாளத்தில் ‘பர்’ என்றால் நிரப்பு, ‘காலி கர்’ என்றால் காலி செய். மதுரைப் பையனும் மணிப்பூர்ப் பையனும் ஒரே நாளில் கற்றுக்கொண்டோம். கட்டளைச் சொல் வாயில் நிற்க வேண்டும்.

பெயரைவிட வரிசை முக்கியம். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, மேகசின் முதலில் வெளியே. அப்புறம்தான் ஸ்லைடு. மாற்றிச் செய்தால், அறையிலிருந்த தோட்டா வெளியே வரும், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே போகும். ஸ்லைடைத் திறந்தே நிறுத்தி, அறைக்குள் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். மேகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாத பிஸ்டலும் உண்டு, செய்கிற பிஸ்டலும் உண்டு. அதை நம்பிக் கை வைக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர், மயூர் விஹார்:

இந்தப் பிஸ்டல் தானாகச் செய்வது தோட்டாவை ஏற்றுவது. தானாகச் செய்யாதது சுடுவது. ஒவ்வொரு குண்டுக்கும் விசையை நாம்தான் அழுத்த வேண்டும். அப்படியானால் ‘தானேற்றி’ என்று சொல்லலாமே? அந்தப் பெண்ணின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. ‘நிரப்பு’, ‘ஏற்று’ இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம்: மேகசினில் நிரப்புகிறோம், அறைக்குள் ஏற்றுகிறோம். இப்போது இரண்டுக்கும் ‘லோடு’ என்ற ஒரே சொல்தான். குழப்பமே அதில்தான்.

தமிழாசிரியர்:

நிரப்பு, ஏற்று என்ற பிரிவினையை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் தானியங்கியில் ‘இயங்கு’ தன்வினை. அதே அச்சில் ‘தானேறி’ என்பதே வரும். சொல்லவும் எளிது.

மொழிபெயர்ப்பாளர்:

ஏறுவது தோட்டா ஐயா, துப்பாக்கி அல்ல. துப்பாக்கி ஏற்றுகிறது, எனவே பிறவினைதான் பொருந்தும். தானேறி என்றால் தோட்டாவுக்குப் பெயர் வைத்தது போலாகும்.

தமிழாசிரியர்:

பனையேறி என்றால் ஏறுகிற ஆள். தானேறி என்றால் தோட்டா தானே ஏறுகிற கருவி என்று அன்மொழித்தொகையாகக் கொள்ளலாமே. இலக்கணம் இடம் கொடுக்கிறது.

ஹவில்தார்:

இடம் கொடுக்கட்டும் ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

பயிற்சியாளர்:

இன்று காலை பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். ‘தானேறி’ கேட்டு இரண்டு பேர் முழித்தார்கள். ‘தானேற்றி’ என்றதும் அதே பெண், “அப்போ சுட்டவுடனே மறுபடி ஏத்திக்கிச்சுன்னு அர்த்தம்” என்றாள். எனக்கு அது போதும். தானேற்றிப் பிஸ்டல் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். துப்பாக்கி, மேகசின், ஸ்லைடு அப்படியே இருக்கும். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘காலி’யை மட்டும் எடுத்துவிட்டேன். மேகசினைப் பார்த்துச் சொல்கிறார்களா, அறையைப் பார்த்தா என்று தெரியாத சொல் அது. இனி பிள்ளைகள் “மேகசின் வெளியே, அறை வெறுமை” என்று இரண்டையும் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். அறை வெறுமை என்று காட்ட அதற்குள் செருகும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்கை ‘அறைக்கொடி’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு ஆட்சேபம் உண்டா?

ஹவில்தார்:

இல்லை. நல்ல சொல்.

தமிழாசிரியர்:

அறைக்கொடிக்கு என் வாழ்த்து. தானேற்றிக்கு என் வாக்கு இல்லை. இரண்டாம் பதிப்பில் தூணியை மறுபடி எடுப்பேன்.