செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கத் தனி வழிகாட்டி தேவையா?

ஈரோட்டு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் என் பெற்றோரையும் பள்ளியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு காரைக்குடிக்கு வர எண்ணியுள்ளோம். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நாங்களே சென்று வந்துவிடுவோம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைப் பார்ப்பதற்குத்தான் தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்தலாமா என்று யோசிக்கிறோம். தங்கவிருக்கும் விடுதியில் விசாரித்தபோது, ஒரே நாளில் எட்டு இடங்களைக் காட்டுவதாகப் பட்டியல் அனுப்பினார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி இருப்பதால் அந்த வேகம் எங்களுக்கு ஒத்துவராது. வழிகாட்டி அவசியம்தானா, அமர்த்தினால் எவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடிவாசி:

வீடுகளுக்கு என்றால் அவசியம் அமர்த்துங்கள். ஆத்தங்குடியில் உள்ள லெட்சுமி இல்லம் போன்ற சிலவற்றில் கட்டணம் செலுத்தி எவரும் உள்ளே சென்று பார்க்கலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. அவர்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் இருப்பதால் சாவி காவலாளியிடம்தான் இருக்கும். அந்தக் காவலாளி யாரை நம்பிக் கதவைத் திறப்பார் என்பதில்தான் உள்ளூர் வழிகாட்டியின் மதிப்பு இருக்கிறது. கானாடுகாத்தான் அரண்மனையைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்க்க முடியும் என்பதால், அதன் பெயரைச் சொல்லிக் கூடுதல் தொகை கேட்டால் சம்மதிக்க வேண்டாம்.

எட்டு இடங்கள் என்பது காரில் உட்கார்ந்திருப்பதற்கான திட்டம். ஒரு நல்ல வீட்டைத் திண்ணையிலிருந்து பின்வாசல் வரை நிதானமாகக் காட்டச் சொல்லுங்கள். முகப்பில் பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கு மேலே செதுக்கிய கஜலட்சுமியும் இருக்கும்; அவற்றை எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். வளவுக்குள், அதாவது முற்றமுள்ள உள்கட்டுக்குள், நுழைந்த பிறகுதான் வீட்டின் கணக்கு புரியும். முற்றத்தைச் சுற்றி வரிசையாக அமைந்த அறைகள் மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. சீர்ச் சாமான்கள் அவற்றில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதற்கும் பின்னால் சமையற்கட்டு, அதையும் தாண்டினால் அடுத்த தெரு. முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் உங்கள் மகளை உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பளிங்கைப் போல வழவழப்பாகவும் சில்லென்றும் இருக்கும். பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) நடத்திய வட்டித் தொழிலுக்கும் இந்த வீடுகளுக்கும் உள்ள தொடர்பை விளக்கத் தெரியாதவர் வெறுமனே வழித்துணைதான்.

தேவகோட்டைப் பங்காளி:

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். வீட்டுக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தை மாதம் திருமண மாதம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் அப்போதுதான் குடும்ப விசேஷங்களுக்காகத் திறக்கப்படும். அந்த நாட்களில் வெளியாரை அனுமதிப்பது கடினம். ஆகையால் எந்தெந்த வீடு என்பதைப் பெயர் சொல்லி உறுதி செய்துகொண்டு, ஒன்று கிடைக்காவிட்டால் அதற்கு மாற்று எது என்றும் கேட்டு வையுங்கள். சாமி அறைப் பக்கம் வீட்டார் சொல்லாமல் போக வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். பொங்கலையொட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளிலும், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் காவடிக் கூட்டம் சேரும் நாட்களிலும் சாலையில் நெரிசல் இருக்கும்; வயதானவர்களுடன் வருவதால் அந்தத் தேதிகளைத் தவிர்ப்பது நல்லது.

கட்டடப் பொறியாளர்:

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்கு வழிகாட்டி வேண்டியதில்லை என்பது என் கருத்து. கண்ணாடித் தகட்டின் மீது அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் பூ இதழ்களுக்குள் ஊற்றி, அச்சைத் தூக்கியபின் அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவி, சாந்து வைத்து அழுத்துவதை வேலை செய்பவர்களே விளக்குவார்கள். இதைச் சூளையில் சுடுவதில்லை; தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுகச் செய்கிறார்கள். மேற்பரப்பின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. உங்கள் மகளுக்கு மிகவும் பிடிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, வழிகாட்டியின் கூலி, வண்டி வாடகை, வீட்டு நுழைவுக் கட்டணம், காவலாளிக்குக் கொடுப்பது ஆகியவற்றைத் தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போவதா வேண்டாமா என்பதையும் நீங்களே முன்னதாகத் தீர்மானித்துச் சொல்லிவிடுங்கள். விற்பனையில் பங்கு கிடைக்கும் என்பதற்காகவே பாதி நாளைக் கடைகளில் கழிக்க வைப்பவர்களும் உண்டு.

ஈரோட்டு வாசகி:

மிக்க நன்றி. கானாடுகாத்தானில் ஒரு வீடு, ஆத்தங்குடியில் ஒரு வீடும் பட்டறையும் என்று குறைத்துக்கொள்கிறோம். விடுதிப் பட்டியலில் திருமயம் கோட்டையும் இருந்தது, அம்மாவால் முடியுமா?

காரைக்குடிவாசி:

கோட்டை குன்றின் மேல் இருப்பதால் ஏற வேண்டியிருக்கும், அவருக்கு வேண்டாம். அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே உள்ளன. மதியம் நடை சாத்துவதற்குள் போனால் அவற்றைப் பார்க்கலாம். வீடுகளிலும் தெருவிலிருந்து படியேறித்தான் உள்ளே போக வேண்டும், நிலைப்படிகளும் உயரமானவை. அம்மா வளவில் உட்கார்ந்து இளைப்பாற ஒரு நாற்காலி வேண்டும் என்று வழிகாட்டியிடம் இப்போதே சொல்லி வைத்தால் காவலாளி எடுத்துப் போடுவார்.