புதுப்பிப்பு: கறுப்பு நாயின் முகம் இப்போது படத்தில் தெரிகிறது

எங்கள் கறுப்பு நாயைப் படம் எடுத்தால் முகம் தெரியாமல் வெறும் கறுப்புத் திட்டாகவே விழுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அருமையாக வருகிறது. எல்லாம் வெளிச்சம்தான். உச்சி வெயிலை விட்டுவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கண்ணில் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக விழுகிறது. முகத்துக்கு உயிரே அதுதான். மூக்கின் சொரசொரப்பு, மீசை முடி எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன.

ஃபோகஸ் கண்ணில்தான் இருக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண் பளிச்சென்று மின்னிவிடும். அப்புறம், அவன் ஓடும்போது ஷட்டர் வேகத்தை (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை) 1/1000 நொடிக்கு வைத்தால் காது பறப்பதுகூடத் தெளிவாகக் கிடைக்கிறது.